எழுதச் சொன்னால் அடிக்கிறான்: ஏழு வயதுப் பையனின் கோபத்தை வகுப்பில் எப்படிக் கையாள்வது?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: "என் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன். சுட்டி. வாயைத் திறந்தால் கதை கதையாகச் சொல்வான். ஆனால் திடீர் திடீரென்று கோபம் வந்துவிடுகிறது. பென்சிலை உடைக்கிறான், நோட்டைக் கிழிக்கிறான், பக்கத்தில் இருப்பவனை அடிக்கிறான். போன வாரம் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டான். வெளியே நிற்க வைத்தேன், தலைமை ஆசிரியரிடம் அனுப்பினேன், ஸ்டார் ஒட்டிப் பார்த்தேன், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினேன். எதற்கும் மசியவில்லை. பத்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காதது மாதிரி சிரிக்கிறான். என்னைச் சீண்டுவதற்கென்றே செய்கிறானா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, டீச்சர். திட்டம் போட்டுச் சீண்டுகிற வேலை இது இல்லை. கோபம் வரும்போது கையைத் தடுத்து நிறுத்துகிற மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஏழு வயதில் அந்தத் தடுப்பு ரொம்ப மெல்லியது. கோபம் வடிந்ததும் சிரிப்பதும் அந்த வயதுக்கு உரியதுதான். நம்மைப் போல மனசுக்குள் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உருட்ட அவனுக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. திட்டமிடாமலேயே அவனுடைய கோபம் அவனுக்கு எதையோ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்கும் வரை நீங்கள் எதைச் செய்தாலும் பாதிக் கிணறுதான். கண்டுபிடித்த பிறகு வேலை எளிது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே கை வைப்பது என்றாவது தெரிந்துவிடும்.

உங்கள் கேள்வியில் என் கண் போய் நின்றது "வெளியே நிற்க வைத்தேன்" என்ற இடத்தில். ஒரு பையனுக்கு எழுதுவது வேதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலை உடைத்தால் வெளியே போகலாம். வெளியே போனால் எழுத வேண்டாம். உங்களுக்கு அது தண்டனை, அவனுக்கு விடுதலை. உங்களுக்கும் அந்த இருபது நிமிஷம் வகுப்பு அமைதியாகக் கிடைக்கிறது, அதனால் அடுத்த முறையும் அதையே செய்யத் தோன்றுகிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழக்கப்படுத்திக்கொள்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் நடக்கும் இந்தப் பொறியைப் பல வருஷம் உட்கார்ந்து கவனித்து, 1982-இல் விரிவாக விளக்கினார். வகுப்பறையிலும் அதே கதைதான்.

ஆகவே முதல் வேலை, ஒரு சின்ன நோட்டு. இரண்டு வாரத்துக்கு எந்தப் புது உத்தியும் வேண்டாம், அவன் யாரையும் காயப்படுத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே பின்னால் என்ன நடந்தது. "ரொம்பக் கோபப்பட்டான்", "அடங்கவில்லை" என்றெல்லாம் எழுதினால் பயன் இல்லை. கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் எழுதுங்கள். மாதிரிக்கு இப்படி இருக்கலாம்:

"திங்கள், 10.20. மொழிப்பாடம். பலகையில் இருந்த ஆறு வரியைப் பார்த்து எழுதச் சொன்னேன். ஒரு வரி எழுதினான். அழித்தான். மறுபடி எழுதி மறுபடி அழித்தான். தாள் கிழிந்தது. பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்தான். அவன் தோளில் குத்தினான். வெளியே அனுப்பினேன். மணி அடிக்கும் வரை எழுதவில்லை.

செவ்வாய், 2.10. வாய்க்கணக்கு. முதலில் கை தூக்கியது அவன்தான். தகராறு இல்லை.

புதன், 10.25. சொல்வதெழுதுதல். மூன்றாவது சொல்லில் பென்சிலை உடைத்தான். தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பினேன்."

செவ்வாய்க்கிழமையை ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். ஒன்றும் நடக்காத நேரம்தான் பாதி விடையைச் சொல்லும். கோபக்காரப் பையன் என்றால் வாய்க்கணக்கிலும் அல்லவா கோபம் வர வேண்டும்?

நோட்டைப் படித்தால் பெரும்பாலும் நான்கில் ஒன்று தெரியவரும். ஒரு வேலையிலிருந்து தப்பிக்கிறான், அல்லது யாருடைய கவனமாவது கிடைக்கிறது, அல்லது வேண்டிய பொருளோ விளையாட்டோ கிடைக்கிறது, அல்லது சத்தம், நெரிசல் மாதிரி உடம்புக்குப் பொறுக்க முடியாத ஏதோ ஒன்று குறைகிறது. 1982-இல் அமெரிக்க உளவியலாளர் பிரையன் இவாட்டாவும் சகாக்களும் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்ளும் குழந்தைகளை ஆராய்ந்தபோது, வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த செயலுக்குக் குழந்தைக்குக் குழந்தை காரணம் வேறுபடலாம் என்பதைக் காட்டினார்கள். ஒரு பிள்ளையிடம் பலித்த உத்தி இன்னொரு பிள்ளையிடம் படுதோல்வி அடைவது இதனால்தான். கவனத்துக்காக அடிப்பவனைக் கண்டுகொள்ளாமல் விடுவது உதவலாம். எழுத்திலிருந்து தப்பிக்க அடிப்பவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவன் கேட்டதையே கொடுத்தது போலாகிவிடும்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு எழுத்தின் மேல்தான் சந்தேகம். வாயால் கதை சொல்பவன், பென்சிலையும் நோட்டையும் குறி வைக்கிறான். சந்தேகத்தைச் சோதிப்பது சுலபம். ஒருநாள் அதே பாடத்தை எழுதாமல் வாயால் சொல்லச் சொல்லுங்கள். இன்னொரு நாள் ஆறு வரிக்குப் பதில் ஒரே வரி, அதுவும் பலகையில் இல்லாமல் அவன் மேஜையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோபம் காணாமல் போனால் விடை கிடைத்துவிட்டது. பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் தகராறு, மேஜைத் தாளிலிருந்து எழுதினால் இல்லை என்றால் முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காதையும் சேர்த்துத்தான். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒருநாள் கேட்கும், ஒருநாள் பாதிதான் கேட்கும். சொல்வதெழுதுதலில் தடுமாறுவார்கள், நாம் "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்போம். கண்ணும் காதும் சரி என்றால் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கிறானா, பென்சிலை எப்படிப் பிடிக்கிறான், ஒரு வரி எழுதியதும் கையை உதறுகிறானா என்று பாருங்கள். படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள புத்திசாலிப் பிள்ளைகள் பலர் வகுப்பில் முதலில் "முரடன்" என்றுதான் பெயர் வாங்குகிறார்கள். "எனக்கு எழுத வரவில்லை" என்று நாற்பது பேர் முன்னால் ஒப்புக்கொள்வதைவிட முரடன் என்று பெயர் வாங்குவது அந்த வயதுக்குக் கௌரவம்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? கோபம் எதை வாங்கிக் கொடுத்ததோ அதையே வாங்க அவனுக்கு இன்னொரு வழி கற்றுக்கொடுக்க வேண்டும். 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் இருவர் வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பாடம் கடினமாக இருந்ததால் கலாட்டா செய்த பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னதும் உதவி கிடைத்தது. ஆசிரியரின் கவனத்துக்காகக் கலாட்டா செய்த பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். பாராட்டு கிடைத்தது. கலாட்டா வெகுவாகக் குறைந்தது. இருவருக்கும் வாக்கியத்தை மாற்றிக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

உங்கள் பையனுக்கு வாயால் சொல்வதுகூடக் கூச்சமாக இருக்கலாம். ஒரு சிவப்பு அட்டை கொடுங்கள், மேஜை ஓரத்தில் இருக்கட்டும். அதைத் திருப்பி வைத்தால் "உதவி வேண்டும்" அல்லது "இரண்டு நிமிஷம் வேண்டும்" என்று அர்த்தம். முதல் வாரம் அவன் அட்டையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் உடனே போங்கள், சலிக்காமல். கத்துவதைவிட அட்டை வேகமாக வேலை செய்தால்தான் அவன் அட்டையை எடுப்பான். நீங்கள் ஐந்து நிமிஷம் கழித்து வந்தால் அவனுக்குப் பழைய வழியே மேல். பழக்கம் பிடித்த பிறகு, "இந்தச் சொல்லை முடி, வருகிறேன்" என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம்.

"இவனுக்கு மட்டும் சலுகையா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். எழுதுவதிலிருந்து அவனுக்கு விலக்கு கொடுக்கவில்லை. ஒரு வரியில் ஆரம்பித்து இரண்டு வரி, மூன்று வரி என்று கூட்டிக்கொண்டுதான் போகிறோம். இதுவரை வாரத்தில் பாதி நாள் வாசலில் நின்று ஒரு வரிகூட எழுதாமல் இருந்தானே, அதுதான் பெரிய சலுகை.

இப்போது, கோபம் வந்தேவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். கல்வி ஆய்வாளர்கள் ஜெஃப் கோல்வினும் ஜார்ஜ் சுகாயும் வகுப்பறைக் கோபத்தை ஏழு கட்டமாகப் பிரித்தார்கள்: அமைதி, தூண்டல், பதற்றம், ஏற்றம், உச்சம், தணிவு, மீட்பு. நமக்கு உச்சம்தான் கண்ணில் படும். ஆனால் நம்மால் ஏதாவது செய்ய முடிவது மூன்றாவது கட்டம் வரைக்கும்தான். உங்கள் பையனுடைய பதற்றத்துக்கு ஒரு அடையாளம் இருக்கும். திரும்பத் திரும்ப அழிப்பது, காலை ஆட்டுவது, காது சிவப்பது, முணுமுணுப்பது. மேலே எழுதிய திங்கட்கிழமைக் குறிப்பில் அது அழிரப்பர். இரண்டாம் முறை அழித்தபோதே பக்கத்தில் போயிருந்தால் மூன்றாவது கட்டத்தில் பிடித்திருக்கலாம்.

பக்கத்தில் போய் என்ன செய்வது? நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், அவன் உயரத்துக்குக் குனிந்து, அடங்கிய குரலில் ஒரு வரி: "இந்த வரி கஷ்டமாக இருக்கு போல. முதல் சொல்லை நான் எழுதட்டுமா, நீ எழுதுகிறாயா?" அவ்வளவுதான். பதில் சொல்லும் வரை காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும்.

ஏற்றத்துக்கும் உச்சத்துக்கும் போய்விட்டால் கற்பிக்கிற நேரம் முடிந்துவிட்டது. "ஏன் இப்படிச் செய்தாய்?", "சாரி சொல்லு", "உன் அப்பாவிடம் சொல்கிறேன்" எதுவும் வேண்டாம். அந்த நிமிஷத்தில் நீளமான வாக்கியம் அவன் காதில் ஏறாது. மற்ற பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள், கையில் எட்டக்கூடிய கூர்மையான பொருளை எடுத்துவிடுங்கள், அவனுக்கு இடம் விடுங்கள். யாருக்காவது அடிபடப் போகிறது என்றால் தவிர அவனைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் குரல் அவன் குரலைவிடத் தாழ்ந்திருக்கட்டும். இது சொல்ல எளிது, நாற்காலி கவிழும்போது செய்வது கடினம் என்று தெரியும். அதனால்தான் உங்களுக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்க வேண்டும்: "நான் இங்கேதான் இருக்கிறேன். உனக்கு நேரம் இருக்கிறது." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதீர்கள்.

பத்து நிமிஷத்தில் சிரிக்கிறான் என்றீர்களே, அங்கே ஒரு எச்சரிக்கை. முகம் தணிந்தாலும் உடம்பு முழுக்கத் தணிந்திருக்காது. சிரித்துவிட்டானே என்று உடனே "வா, விட்டதை எழுது" என்றால் இரண்டாவது முறை வெடிப்பான், இந்த முறை இன்னும் சீக்கிரம். அரை மணி நேரமாவது அவனுக்குக் கைவந்த சுலபமான வேலை எதையாவது கொடுங்கள். அப்புறம் அந்த ஒரு வரியை எழுத வையுங்கள். சின்னதாகவாவது அந்த வேலை முடிய வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் கோபம் ஜெயித்ததாகிவிடும்.

அடிபட்ட பிள்ளையை நாம் மறந்துவிடுவது உண்டு. முதலில் அவனிடம் போங்கள். அப்புறம் அடித்தவனிடம் கட்டாய சாரி கேட்க வைக்காதீர்கள், அது வெறும் வாய் வார்த்தை. கிழிந்த நோட்டை ஒட்டிக் கொடுப்பது, கவிழ்த்த நாற்காலியை நிமிர்த்தி வைப்பது, உடைத்த பென்சிலுக்குப் பதில் தன் பென்சிலைச் சீவிக் கொடுப்பது, இவையெல்லாம் ஏழு வயதுக்குப் புரிகிற மன்னிப்பு.

அமைதியாக இருக்கும் நேரத்தில் கற்றுக்கொடுக்க ஒரு நல்ல பயிற்சி உண்டு. 1970-களில் மார்லின் ஷ்னைடர், ஆர்தர் ராபின் போன்றவர்கள் சின்னப் பிள்ளைகளுக்காக வடிவமைத்தது, ஆமைப் பயிற்சி. கோபம் வந்தால் கைகளை உடம்போடு சேர்த்து, தலையைக் குனிந்து, ஓட்டுக்குள் போன ஆமையாகி, உடம்பைத் தளர்த்தி, பிறகு என்ன செய்யலாம் என்று யோசிப்பது. ஐம்புலனையும் ஆமை போல் உள்ளிழுத்துக்கொள்வது நமக்கொன்றும் புது யோசனை இல்லை. முழு வகுப்புக்கும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், அவனைத் தனியாகக் குறி வைக்க வேண்டாம். கூடவே, மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மெதுவாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இறங்கும். தினமும் இரண்டு நிமிஷம், கோபம் இல்லாதபோது. வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாது.

தலையணையைக் குத்தச் சொல்வது, காகிதத்தைக் கிழிக்கச் சொல்வது, "கோபத்தை வெளியே விட்டுவிடு" என்பதெல்லாம் வேண்டாம். உளவியலாளர் பிராட் புஷ்மன் இதை 2002-இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடுதான் எழுந்தார்கள். குத்திப் பழகினால் குத்துவதுதான் பழகும்.

ஸ்டார் பலிக்கவில்லை என்றீர்கள். நாள் முழுவதும் சமர்த்தாக இருந்தால் ஒரு ஸ்டார் என்று வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். காலை பத்தரைக்கே அது போய்விட்டால் மீதி நாள் அவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. பீரியடுக்கு ஒன்று என்று உடைத்துவிடுங்கள். "கோபப்படக் கூடாது" என்பதற்குப் பதில் "அட்டையைத் திருப்பினால் ஒன்று" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் பெரும்பாலும் ஜெயிக்கிற மாதிரி அளவு வையுங்கள். ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காதீர்கள்.

பாராட்டைப் பற்றி ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1968-இல் மேட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் பார்த்தார்கள். விதிகளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததில் பெரிய மாற்றம் இல்லை. சின்னச் சின்னக் குறும்புகளை விட்டுவிட்டு, சரியாக இருக்கும் நேரத்தைப் பாராட்டத் தொடங்கியதும் வகுப்பு மாறியது. ஆனால் "நல்ல பையன்" என்பது பாராட்டே இல்லை. "அழித்தும் சரியாக வரவில்லை, ஆனாலும் அட்டையைத் திருப்பினாய், பார்த்தேன்" என்பது பாராட்டு. சில பிள்ளைகளுக்கு எல்லார் முன்னாலும் பாராட்டினால் எரிச்சல் வரும், காதோடு சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த முதல் ஓரிரு வாரத்தில் நிலைமை மோசமாகலாம். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பான். இங்கேதான் பலர் "இதுவும் வேலைக்காகாது" என்று கைவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் ஒரே ஒருநாள் வெளியே அனுப்பினால்கூட, இன்னும் பலமாகக் கத்தினால் போகலாம் என்று கற்றுக்கொள்வான். தலைமை ஆசிரியரிடமும் பக்கத்து வகுப்பிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெற்றோர் விஷயம். பள்ளியிலிருந்து போன் வந்தாலே புகார் என்றாகிவிட்டால் வீட்டில் அடி விழும். அடி வாங்கிய பிள்ளை மறுநாள் கோபம் குறைந்தா வருவான்? பெரியவர்கள் கோபம் வந்தால் அடிப்பார்கள் என்ற பாடத்தோடு வருவான். அட்டையைத் திருப்பிய நாளில் ஒரு போன் போடுங்கள், அரை நிமிஷம் போதும். அப்படிச் சில போன்களுக்குப் பிறகு கேட்டால்தான் வீட்டில் நடப்பதை உள்ளபடி சொல்வார்கள். தூக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறானா, வீட்டில் புதிதாகப் பிரிவு, சாவு, இடமாற்றம் ஏதாவது நடந்ததா, யார் வீட்டில் கத்துகிறார்கள் என்பதையும் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேளுங்கள்.

ஏடிஹெச்டியாக, அதாவது கவனக் குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறாக, இருக்குமோ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதைத் தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை, ஆனால் அளவுகோல் தெரிந்திருப்பது நல்லது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது ஆறு மாதம் நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். எழுத்து வேளையில் மட்டும் வெடிக்கிறான் என்பதை வைத்து அது என்று சொல்லிவிட முடியாது. எல்லாப் பாடத்திலும், விளையாட்டிலும், வீட்டிலும் ஒரே மாதிரி என்றால் உங்கள் நோட்டோடு குழந்தை நல மருத்துவரிடம் அனுப்புங்கள். மருத்துவருக்கு உங்கள் இரண்டு வாரக் குறிப்பைவிட மதிப்பான காகிதம் வேறு இல்லை.

சில விஷயங்களுக்கு மட்டும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, திடீரென்று ஆளே மாறிப்போவது, விட்டுப்போன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, உடம்பில் காரணம் சொல்ல முடியாத தழும்பு. இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே தலைமை ஆசிரியரிடமும் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். தழும்பு என்றால் வீட்டுக்கு முதலில் போன் போடாதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு பருவம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு அடியோடு நிற்பதை எதிர்பார்க்காமல், வாரத்துக்கு எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் என்று நோட்டில் எண்ணுங்கள். நாலு மூன்றாகி, இருபது நிமிஷம் எட்டானால் சரியான பாதைதான். வருஷக் கடைசியில் அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்த வேளையில் பதறுவான், பதறும்போது எப்படித் தெரியும், எந்த வாக்கியம் பலிக்கும், அட்டை என்ன நிறம். "முரடன்" என்ற சொல் அதில் வேண்டாம். புது வகுப்பின் முதல் நாளே அந்த அட்டை மேஜையில் இருக்கட்டும், அது தேவைப்படாது என்று தோன்றினாலும்.